முறைத் தண்ணீரைக் கணினியில் ஓட்டுவது: ஒரு வாய்க்கால், 120 வீடு, ஒரு குறுவை

காவிரிப் படுகையில் சி, டி வாய்க்கால் என்று சொல்கிற அளவுள்ள ஒரு சின்னப் பாசன வாய்க்காலை, ஒவ்வொரு வீட்டையும் தனியாக முடிவெடுக்கும் ஆளாக வைக்கிற ஏஜென்ட் மாதிரியாக, நெட்லோகோ என்ற மென்பொருளில் ஓட்டுவது எப்படி என்பதற்கான வேலைப் பதிவு இது. வாய்க்காலில் 40 மடை, 120 வீடு, 600 மா (சுமார் 200 ஏக்கர்) நிலம். எப்போது விதை விடுவது, தண்ணீர் எடுக்கத் தன் முறை வரும்வரை காத்திருப்பதா, இரவில் மடையைத் திருப்பிக்கொள்வதா என்று ஒவ்வொரு வீடும் முடிவெடுக்கும். அந்த முடிவுகளில் ஊர் வழக்கம் எங்கே நுழைகிறது, அதை எப்படி எழுதினால் கணினிக்குப் புரியும் என்பதுதான் இங்கே வேலை.

இந்த வகை மாதிரிகளில் ‘வழக்கப் பற்று 0.7’ என்று ஒரு எண்ணை முடிவுச் சூத்திரத்தில் ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மாதிரி ஓடும், படமும் அழகாக வரும். ஆனால் அந்த 0.7-ஐ ஊரில் யாரிடம் போய்க் கேட்டுச் சரிபார்ப்பது? வழக்கம் விதியாக இருக்கிறது. விதிக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கைக் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார். இந்த மூன்றையும் எழுதாத மாதிரியில் விவசாயி ஒன்று பஞ்சாங்கத்துக்கு அடிமையாகத் தெரிவார், இல்லை வெறும் லாபக் கணக்கராகத் தெரிவார்.

தண்ணீர்க் கணக்கு முதலில்

வழக்கத்தைத் தொடுவதற்கு முன் தண்ணீரைச் சரியாக வைக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கு தப்பினால், பற்றாக்குறையால் வந்த சண்டையைப் பண்பாடு என்று எழுதிவிடுவோம்.

1 மா என்பது 100 குழி, 14,400 சதுர அடி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஆக 600 மா என்பது 30 வேலி, சுமார் 200 ஏக்கர். வாய்க்கால் தலைப்பில் வினாடிக்கு 3 கன அடி வருவதாக வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 1 கன அடி என்றால் ஒரு நாளுக்கு 86,400 கன அடி. சேறடிக்க 8 அங்குலத் தண்ணீர் வேண்டும் என்று கொண்டால், அது 3 ஏக்கருக்கு, அதாவது 9 மாவுக்குத்தான் ஆகும். வாய்க்காலில் 30 விழுக்காடு கசிவு போனால் கைக்கு வருவது 2.1 கன அடி. நாளுக்கு 19 மா சேறடிக்கலாம்.

இதோடு நிறுத்தினால் 32 நாளில் எல்லா வயலும் நடவாகிவிடும் என்று கணக்கு வரும். நட்ட வயல் தினமும் குடிப்பதை யாரும் கழிக்கவில்லை. ஆவியாதலும் கசிவும் சேர்த்து நாளுக்கு 7 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 1,000 கன அடி. அதையும் சேர்த்தால், மழையே இல்லாத நிலையில், முதல் 100 ஏக்கர் நடவாக 23 நாள் ஆகும். 150 ஏக்கரைத் தொட 51 நாள். 181 ஏக்கரோடு வாய்க்கால் நின்றுவிடும். மீதி 19 ஏக்கருக்கு, கிட்டத்தட்ட 57 மாவுக்கு, யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தண்ணீர் கிடையாது. கடைமடை என்கிற பிரச்சினையில் எத்தனை பங்கு வெறும் நீரியல் என்பது இங்கேயே தெரிந்துவிடும். பிறகு வழக்கத்துக்கு வைக்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் பற்றாக்குறை யார் தலையில் விழுகிறது?

கைக்கணக்குக்கு 30 விழுக்காட்டை மொத்தமாகக் கழித்தால் போதும். மாதிரியில் அதை மடைக்கு 0.9 விழுக்காடாகப் பிரித்துப் போடவும். 40-ஆவது மடையில் மிஞ்சுவது 70 விழுக்காடுக்குப் பக்கத்தில் வரும், தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான வேறுபாடும் தானாக உண்டாகும். நிலப் பங்கீட்டைச் சமமாக வைக்காதீர்கள். 80 வீட்டுக்கு 3 மா, 30 வீட்டுக்கு 6 மா, 10 வீட்டுக்கு 18 மா என்றால் கூட்டுத்தொகை சரியாக 600. பெரிய நிலம் தலைமடையில் குவிந்திருப்பது ஒரு சுவிட்ச், சிதறியிருப்பது இன்னொரு சுவிட்ச்.

அணை திறக்கும் தேதியை உள்ளீடாக மட்டும் வைக்க வேண்டும், மாதிரி அதைக் கணிக்கக் கூடாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2020, 2021, 2023, 2025 ஆண்டுகளில் அப்படியே நடந்தது. 2022-இல் மே 24, 2024-இல் ஜூலை 28. இந்த மூன்று தேதிகளிலும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் போதும். ஜூலை 28-க்கு ஓட்டும்போது குறுவையா, நேராகச் சம்பாவா என்ற முடிவையும் வீடுகள் எடுக்க வேண்டிவரும். அந்த வாய்ப்பை முன்கூட்டியே விதியில் எழுதி வைத்துவிடுங்கள்.

மேல்நோக்கு நாள்: பகடை போட்டால் என்ன ஆகும்

நாற்றங்காலில் விதை விட மேல்நோக்கு நாள் பார்க்கிற வீடுகள் உண்டு. தினசரி நாட்காட்டியில் மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு என்று போட்டிருப்பார்கள். 27 நட்சத்திரத்தில் 9 மேல்நோக்கு. இதைப் பார்த்ததும் நிரல் எழுதுகிறவர் கை ‘மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு’ என்று எழுதப் போகும். வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பகடை. சராசரிக் காத்திருப்பு 2 நாள்.

உண்மை வரிசையைப் போட்டுப் பார்த்தால் சராசரி 2.04 நாள். வித்தியாசமே இல்லை என்று தோன்றும். ஆனால் ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம் என்று இடைவெளி விட்டு வரும் மேல்நோக்கு நாள்கள் உத்திரத்துக்குப் பிறகு நின்றுபோகின்றன. அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம் என எட்டு நாள் தொடர்ந்து ஒன்றும் இல்லை. பிறகு உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம் என நான்கும் அடுத்தடுத்து. விதை விடத் தயாராகும் வீடுகள் 27 நாளுக்குச் சமமாகப் பரவியிருந்தால் நாளுக்கு 4 அல்லது 5 வீடு. பகடை முறையிலும் அதே 4, 5தான் வரும். உண்மை வரிசையில் உத்திராடத்தன்று மட்டும் 40 வீடு.

25 நாள் கழித்து அந்த 40 வீட்டின் 200 மாவும் ஒரே நாளில் நடவுக்கு நிற்கும். வாய்க்கால் நாளுக்குக் கொடுப்பதோ 19 மா. கடைசியில் நடுகிற வீட்டின் நாற்றுக்கு வயது 35 நாள் தாண்டிவிடும். 110 நாள் பயிரான ஆடுதுறை 43-க்கு அது முற்றிய நாற்று, தூர் குறையும், கண்டுமுதல் அடிபடும். நடவாட்கள் கூலியும் அந்த வாரம் ஏறும். ஆகவே பஞ்சாங்கத்தைச் சராசரியாக எழுதக் கூடாது, வரிசையாக எழுத வேண்டும்.

இங்கேயே நிறுத்துகிறவர்களும் தவறான இடத்துக்குத்தான் போகிறார்கள், ஏனென்றால் விலக்கு இன்னும் உள்ளே வரவில்லை. பல வீடுகளில் நல்ல நாளன்று ஈசானி மூலையில் ஒரு பிடி விதையைத் தூவி ‘நாள் செய்து’ விடுவார்கள். அதற்குப் பிறகு மீதியை எப்போது விட்டாலும் குற்றமில்லை. அடுத்த பத்து நாளில் தயாராகிவிடுவோம் என்று தெரிந்த வீடு, முன்னால் வருகிற மேல்நோக்கு நாளிலேயே நாள் செய்துகொள்ளும் என்று ஒரு விதி போதும், உத்திராடத்துக் கூட்டம் பெரும்பாலும் கரைந்துவிடும். ‘சடங்கு உற்பத்தியைக் கெடுக்கிறது’ என்று ஒரு கட்டுரைக்கே போதுமான முடிவு, ஒரு பிடி விதையில் காணாமல் போகிறது.

ஆகவே வீடுகளில் கேட்க வேண்டியது ‘நாள் பார்ப்பீர்களா?’ என்பது அல்ல. ‘நாள் செஞ்சா போதுமா, அன்னிக்கே முழுசா விடணுமா? அதை உங்க வீட்டுல யார் சொல்வாங்க?’ என்பதுதான் கேள்வி.

நட்சத்திரத்தை ஸ்விஸ் எபிமெரிஸ் என்ற கோள்நிலைக் கணக்கு நிரலை வைத்துக் கணக்கிடலாம், ஆனால் வேண்டாம். அது திருக்கணிதத்துக்கு ஒத்துப்போகும். வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் நட்சத்திரம் மாறும் நேரம் சில நாழிகை தள்ளி நிற்கும், சில நாள்களில் அது ஒரு தேதியையே மாற்றிவிடும். சுவரில் தொங்குகிற நாட்காட்டியைப் பார்த்து 120 நாளைத் தட்டச்சு செய்வது ஒரு மணி நேர வேலை. வீடு பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

விதியை எழுதும் படிவம்

ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு வரி. வரியில் ஏழு கட்டம்: எப்போது, யார், என்ன செய்வார், யார் கண்ணில் படும், யார் கேட்கலாம் (அதாவது தட்டிக் கேட்கலாம்), விலக்கு யார் தருவார், மீறினால் என்ன விலை. ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த விதியை நிரலில் ஏற்றுவதில்லை.

நாற்றங்கால் விலக்கை இப்படி எழுதலாம். எப்போது: நாற்றங்கால் இரண்டு நாளாகக் காய்கிறது, முறை தன்னுடையது இல்லை. யார்: எந்த வீடும். என்ன: முறைக்காரர் மடையில் பாதியைத் திருப்பிக்கொள்வார், நாற்றங்காலுக்கு மட்டும். யார் கண்ணில்: அந்த வரப்பில் போகிற வீடுகள். யார் கேட்கலாம்: முறைக்காரர். விலக்கு: முறைக்காரரே, சொன்னால் போதும். விலை: சொல்லாமல் எடுத்தால் அடுத்த தடவை விலக்கு கிடையாது.

கடைசிக் கட்டம் மிக முக்கியம். அபராதம் ரூபாயில் இருப்பது அரிது. விலக்குக் கேட்கும் உரிமை கொஞ்ச காலத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கமான தண்டனை. இதை நிரலில் எழுதுவதும் சுலபம், வீட்டுக்கு ஒரு நாள் எண்ணி வைத்தால் போதும்.

‘யார் கேட்கலாம்’ என்ற கட்டத்தில் ஆளாளுக்கு வேறுபாடு வர வேண்டும். பங்காளிக்குள் மூத்தவர் கேட்பார், இளையவர் வாயைத் திறக்க மாட்டார். நிலக்காரர் மடையைத் திருப்பினால் அவருடைய குத்தகைதாரர் கேட்பதில்லை. தெரு சாதிவாரியாகப் பிரிந்திருக்கிற ஊரில் டீக்கடைப் பேச்சும் தெரு தாண்டாது. இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் எல்லோரையும் கேட்கலாம் என்று வைத்தால், மாதிரியில் ஊர் ஒரு குடும்பம்போல் நடக்கும். அது பொய். நிரலில் இதற்கு இரண்டு தனி வலைகள் வேண்டும்: யார் யாரைப் பார்க்கிறார், யார் யாரைக் கேட்க முடியும். ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.

புளியங்கொட்டை ஆட்டம்

கட்டங்களை நிரப்ப நேர்காணல் மட்டும் போதாது. ‘எப்படி முடிவு செய்வீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் முறைப்படித்தான் என்பார்கள். ஒலிவியே பார்த்தோ (Olivier Barreteau), பிரான்சுவா பூஸ்கே (François Bousquet) போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் செனகல் நதிப் பாசனத்துக்கு வேடமேற்று ஆடும் ஆட்டத்தையும் கணினி மாதிரியையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அந்த வழி இங்கேயும் பொருந்தும்.

சார்ட் தாளில் ஒரு வாய்க்கால், 10 மடை, 10 பேர். சுற்றுக்கு ஆளுக்கு 3 புளியங்கொட்டை தேவை, மொத்தம் 30. தலைப்பில் கொடுப்பது 24. பகல் சுற்றில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்க வேண்டும். இரவுச் சுற்றில் திரைக்குப் பின்னால் உள்ள பெட்டியிலிருந்து ஒவ்வொருவராகப் போய் எடுக்கலாம், இன்னொருவர் பங்கிலும் கை வைக்கலாம். ஒரு ஆட்டத்துக்கு 12 சுற்று. குறிப்பெடுக்கிறவர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கொட்டையை எண்ணுவார், மற்றவர் பேச்சை மட்டும் எழுதுவார்: யார் எடுத்தார், யார் பார்த்தார், யார் கேட்டார், யார் பார்த்தும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கேட்காத இடங்களைத்தான் பிடித்துக் கேட்க வேண்டும். இந்த மாதிரிப் பேச்சு வரும்:

“மாமா, அஞ்சாவது சுத்துல உங்க கொட்டை ஒண்ணு போச்சே, பாத்துட்டுத்தானே இருந்தீங்க?”

“நாத்தங்காலுக்குன்னு சொல்லிட்டான் மாப்ள. அதுக்கு மேல கேட்டா நம்மளத்தான் பேசுவாங்க.”

இதில் விதி, விலக்கு, விலை மூன்றும் வந்துவிட்டது. கேட்டால் பழி கேட்டவர் மேல்தான். இந்த விவரம் எந்தக் கேள்வித்தாளிலும் வராது.

முதல் மூன்று சுற்றுகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் குறைவாக எடுப்பார்கள். நிலக்காரரையும் அவர் குத்தகைதாரரையும் ஒரே மேசையில் முதலில் உட்கார வைக்கவும் கூடாது. தனித்தனி மேசையில் ஒரு ஆட்டம், பிறகு கலந்து ஒன்று. இரண்டுக்கும் இடையில் ‘கேட்டார்’ பத்தி எவ்வளவு மெலிகிறதோ, அதுவே இரண்டாவது வலைக்கான தரவு.

இந்த இடத்தில் சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரியை விவசாயியாக நடிக்க வைத்தால் என்ன என்று கேட்பார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் 25 கதாபாத்திரங்களை ஒரு கற்பனை ஊரில் அப்படி உலவவிட்டார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மடைச் சண்டைக்கு அது உதவாது. எல்லா விவசாயியும் நியாயமாக, பொறுமையாக, ஒரே மாதிரி பேசுவார், பார்த்தும் கேட்காமல் இருப்பது அதற்கு வராது. நேர்காணல் எழுத்தைக் கொடுத்து ஏழு கட்டத்துக்கு வரைவு கேட்க மட்டும் பயன்படுத்தலாம், அதையும் வரி வரியாகத் திருத்த வேண்டும்.

நிரலில் சறுக்கும் இடங்கள்

நெட்லோகோவின் ஆஸ்க் (ask) கட்டளை ஒவ்வொரு முறையும் ஏஜென்ட்களைக் குலுக்கித்தான் எடுக்கும். வாய்க்காலுக்கு அது ஆகாது. 38-ஆவது மடை முதலில் எடுத்துக்கொண்டு, 2-ஆவது மடை காய்ந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. தண்ணீர் ஓட்டத்தை மட்டும் மடை எண்படி சார்ட்-ஆன் (sort-on) செய்து ஃபோர்ஈச்சில் (foreach) ஓட்டவும். முடிவெடுக்கும் பகுதிக்குக் குலுக்கலே சரி. பைத்தானில் இதே வேலைக்கான மேசா நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: தண்ணீருக்கு டூ (do), முடிவுக்கு ஷஃபிள்_டூ (shuffle_do). டூவுக்கு முன்னால் மடை எண்படி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

காலப்படி ஆறு மணி நேரம். ஒரு நாளை ஒரே படியாக வைத்தால் இரவு என்பதே இருக்காது, இரவு இல்லாவிட்டால் மடை திருப்பவும் வழியில்லை. 120 நாள் என்றால் 480 படி.

மீறல் பரவுவதற்கு மார்க் கிரானோவெட்டர் 1978-இல் முன்வைத்த வாசல் மாதிரியே போதும்: தன் பார்வை வலையில் கடந்த 10 நாளில் இத்தனை பேர் மீறியதைக் கண்டால் தானும் மீறுவேன். ஆனால் பார்ப்பது முந்தைய படியின் நிலையாக இருக்க வேண்டும். அதே படியில் பக்கத்து வீடு மாற்றியதை இந்த வீடு உடனே படித்தால், ஒரே இரவில் 120 வீடும் மடையைத் திருப்பிவிடும். ‘முந்தைய நிலை’ என்று தனி மாறி வைத்து, படியின் முடிவில் மட்டும் புதுப்பிக்கவும்.

போர் (ஆழ்துளைக் கிணறு) போட்ட வீட்டை எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர் இருக்கிற வீடு முறைக்காகக் காத்திருப்பதில்லை. அது எடுக்காமல் விடுகிற வாய்க்கால் தண்ணீர் மற்றவர்களுக்கு லாபம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த வீட்டுக்காரர் இரவில் வரப்புக்கு வருவதில்லை, பார்வை வலையிலிருந்து ஒரு கண் போய்விடுகிறது. இரண்டையும் தனித்தனிச் சுவிட்சாக வையுங்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, போர் சுவிட்சை அணைத்துவிட்டே ஓட்ட வேண்டும்.

சரிபார்ப்பு

ஐந்து பதிப்பு ஓட்டவும்: வழக்கமே இல்லாதது, நாள் மட்டும், முறை மட்டும், இரண்டும் விலக்கு இல்லாமல், இரண்டும் விலக்கோடு. ஒவ்வொன்றும் நெட்லோகோவில் திரும்பத் திரும்ப ஓட்ட உதவும் பிஹேவியர்ஸ்பேஸில் 200 முறை, குலுக்கலைத் தொடங்கும் விதை எண்கள் (random seed) ஒரே தொகுப்பாக. பார்க்க வேண்டியவை மூன்று: நடும்போது நாற்றின் வயது மடைவாரியாக, முறை மீறிய இரவுகள், காய்ந்த நாள்கள்.

வெளியிலிருந்து ஒப்பிட சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் இலவசம். தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், மேகம் மறைக்காது. ஒரு மா என்பது 1,338 சதுர மீட்டர், 10 மீட்டர்ப் பிக்சலில் வெறும் 13. தனி வயலை நம்ப வேண்டாம், வேலி கணக்கில் சராசரி எடுத்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் நடவு எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்று மட்டும் பார்க்கவும்.

அந்த உருவம் பொருந்திவிட்டாலே வழக்கத்தை நிரூபித்ததாகாது. 1993-இல் ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரேமர் இருவரும் பாலித் தீவின் 172 சுபக்குகளை (விவசாயிகளின் பாசனச் சங்கங்களை) மாதிரியாக ஓட்டினார்கள். பக்கத்தில் யாருக்கு அதிகம் விளைகிறதோ அவர் பயிர் அட்டவணையைப் பார்த்துச் செய் என்ற ஒரே விதியிலிருந்து, நீர்க்கோயில்களின் ஒருங்கிணைப்பு போலவே ஓர் ஒழுங்கு வந்தது. சுயநலமும் நினைவாற்றலும் மட்டும் உள்ள வீடுகளும் நம் மாதிரியில் முறையைக் காப்பாற்றிவிடலாம். இரண்டையும் பிரிக்க, இரண்டும் வெவ்வேறு விடை சொல்லும் சம்பவம் வேண்டும். கேதம் நடந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருமாதி முடியும்வரை அந்த வீட்டு வயலுக்குப் பங்காளியோ பக்கத்து வயல்காரரோ தண்ணீர் வைப்பார். திருப்பிச் செய்யக் கூடியவர் என்றால் சுயநல மாதிரியும் அதைச் செய்யும். திருப்பிச் செய்ய ஆளில்லாத வீடு, மகன்கள் வெளியூரில் இருக்கும் ஒரு கிழவியின் மூன்று மா என்றால் செய்யாது. ஊரில் அந்த மூன்று மாவுக்குத் தண்ணீர் போகிறதா என்று விசாரித்தால் எந்தப் பதிப்பு நிற்கும் என்று தெரியும். ஆட்டத்திலும் இதற்கு ஒரு அட்டை வைக்கலாம்.

சம்பாவுக்கு இதே கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினால் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் போதாமை போய், தண்ணீர் வடியாமை வந்துவிடும். தலைமடை வடிகாலைத் திறந்தால் கடைமடை மூழ்கும். வயலுக்கு வயல் பாய்கிற இடத்தில் மேல் வயல்காரர் கீழ் வயல்காரரைக் கேட்டுத்தான் வரப்பை வெட்ட வேண்டும். குறுவையில் கெஞ்சிய ஆள் இப்போது அனுமதி கொடுக்கிற இடத்தில் இருப்பார். ‘யார் கேட்கலாம்’ வலையைத் தலைகீழாக்கி, ஏழு கட்டப் படிவத்தை வடிகாலுக்குத் தனியாக நிரப்பி, ஆட்டத்தில் 30 தேவைக்கு 45 கொட்டையைக் கொட்டி, மிச்சத்தை யார் பக்கம் தள்ளுகிறார்கள் என்று மறுபடி எழுத வேண்டும்.